தலையாட்டியும் விமானியும்

என் சித்தி மகன் விமானி ஆகப்போகிறான். தஞ்சோங் ரம்புத்தான் மாதிரி ஓர் ஊரில் இது சின்னச் செய்தி இல்லை. பயிற்சி முடிந்துவிட்டது, வேலையில் சேர்வதற்கான காகிதங்கள்தான் பாக்கி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு படிவங்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். ஒன்று மருத்துவப் பரிசோதனைக்கு. இன்னொன்று பாதுகாப்புப் பரிசோதனைக்கு. மலாயில் தாப்பிசான் என்பார்கள், வடிகட்டுவது.

"அக்கா, ரெண்டு எடத்துல மாட்டிக்கிட்டேன்" என்றான்.

மருத்துவப் படிவத்தில் குடும்ப வரலாறு என்று ஒரு பகுதி. இதயநோய், நீரிழிவு, வலிப்பு என்று போகும் பட்டியலில் 'மனநோய் அல்லது தற்கொலை' என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. பாதுகாப்புப் படிவத்தில் நெருங்கிய உறவினர் யாராவது எப்போதாவது கைதானதுண்டா, தடுத்துவைக்கப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி. முதல் கேள்விக்குச் சித்தி இருக்கிறார். இவன் பிறந்த வருடம் ஆறு வாரம் ஊர் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்தார். இரண்டாவது கேள்விக்குத் தாத்தா.

பயிற்சியில் சேரும்போது சித்தியைப் பற்றிய கேள்விக்கு 'இல்லை' என்று குறித்துவிட்டானாம். இப்போது 'ஆம்' என்று போட்டால் அன்று பொய் சொன்னவன் ஆவான். மறுபடியும் 'இல்லை' என்றால் இரண்டாவது பொய். முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு பறக்கப்போகிறவனை இப்படியெல்லாம் குடைந்து கேட்பது நியாயம்தானா என்று அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு எனக்குள் இன்னும் முடியவில்லை. கேட்கக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். நானும்தான் விமானத்தில் போகிறேன். ஆனால் இந்தக் கேள்விகளுக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. அதில் பாதி எங்கள் கிந்தா பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது.

ஊரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் எங்கு போய் "நான் தஞ்சோங் ரம்புத்தான்" என்று சொன்னாலும் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். 1911இல் பிரிட்டிஷார் இங்கே ஒரு மனநல மருத்துவமனையைத் திறந்தார்கள். இன்றைக்கு அதன் பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயரை எவ்வளவு மாற்றினாலும் மூன்று இனத்தவர் வாயிலும் எங்கள் ஊரின் பெயர் ஒரு வசவு. பள்ளிக்கூடத்தில் ஒருவன் ஏதாவது கோணலாகப் பேசினால் "இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பார்கள். நாங்கள் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று குறிக்க இவன் கை ஏன் நடுங்கியது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது தாத்தா.

எங்கள் ஊரிலிருந்து வடக்கே சிம்மோரைத் தாண்டிப் போனால் சுங்கை சிப்புட். 1948 ஜூன் 16ஆம் தேதி காலை அங்கே எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக்கிலும் ஜொகூரிலும் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, இரண்டு நாளில் மலாயா முழுவதற்கும். 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. புத்தகங்களில் அவசரகாலம் என்று இருக்கும். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கம்யூனிஸ்ட் காலம் என்பார்கள்.

தாத்தா அப்போது இருபதைத் தாண்டிய வாலிபர், பால்மரம் வெட்டுகிறவர், சங்கக் கூட்டங்களுக்குப் போகிறவர். மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. அதற்கு முந்தைய நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாட்களில் சங்கத்துக்குப் போன ஒருவரோடு டீ குடித்ததே ஒரு பின்னணி.

ஒரு நாள் விடியற்காலை பெரட்டுக் களத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு ஓரத்தில் தலைமுழுதும் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட ஓர் ஆள். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையசைத்தால் லாரியில் ஏற வேண்டும். தாத்தாவுக்குத் தலை அசைந்தது. எட்டு மாதம் முள்கம்பிக்குள் இருந்துவிட்டு வந்தார். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, அந்த ஆள் யார் என்று கடைசிவரை தெரியவும் இல்லை. அவர் பிற்பாடு சொன்னது ஒன்றுதான்: "அவன் என்னா சொன்னான்னு தெரிஞ்சிருந்தா பதில் சொல்லியிருப்பேன்."

இந்த முகமூடி ஆள் மலாயா முழுவதும் இருந்தான். பின்னாளில் யாழ்ப்பாணத்துச் சுற்றிவளைப்புகளிலும் இருந்தான். ஈழத்தமிழர்கள் அவனுக்குத் தலையாட்டி என்று பெயர் வைத்தார்கள். நம் மொழியில் அதற்கு இதைவிடச் சரியான சொல் கிடையாது. பின்னணிச் சோதனை என்ற பெயரில் இன்றைக்கு நடப்பதில் ஒரு பகுதி, துணியை எடுத்துவிட்டுக் கணினியை வைத்த தலையாட்டிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சொன்னது யார், சொன்னது என்ன என்று தெரியாது. பதில் சொல்லும் இடமும் கிடையாது.

அதே 1948இல்தான் அடையாளக் கார்டும் வந்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் புகைப்படம், கட்டைவிரல் ரேகை. கார்டு இல்லாமல் சடக்கில் இறங்க முடியாது. காட்டிலிருந்து வந்தவர்கள் அந்தக் கார்டுகளைப் பிடுங்கி எரித்தார்கள். எரித்தவனுக்கும் பயம், இழந்தால் போலீஸுக்கும் பயம். நடுவில் நின்றது பால்மரக்காரன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரிட்டனிலும் உலகப் போர்க் காலத்தில் கொடுத்த அடையாளக் கார்டு போர் முடிந்தும் நடப்பில் இருந்தது. 1950 டிசம்பரில் வில்காக் என்ற ஒருவர் காரை நிறுத்திய போலீஸிடம் கார்டைக் காட்ட மறுத்தார். வழக்கு மேலே போனது. போருக்காகப் போட்ட சட்டத்தை அமைதிக் காலத்தில் இப்படிப் பயன்படுத்துவது மக்களைப் போலீஸுக்கு எதிராகத் திருப்பும் என்கிற தொனியில் தலைமை நீதிபதி காடார்ட் கண்டித்தார். 1952 பிப்ரவரியில் கார்டையே ஒழித்துவிட்டார்கள். அதே அரசாங்கம் அதே வருடம் எங்கள் தோட்டங்களில் கார்டு கேட்டுக்கொண்டிருந்தது.

விமானிகள் இந்தக் கதைக்குள் வருவது 57 வருடம் கழித்து. 2009இல் பிரிட்டிஷ் அரசு தேசிய அடையாள அட்டையை மறுபடி கொண்டுவர நினைத்தபோது யார் தலையில் முதலில் கட்டலாம் என்று பார்த்தது. மான்செஸ்டர், லண்டன் சிட்டி விமான நிலையங்களின் ஊழியர்களைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் விமானிகளும் உண்டு. விமானிகள் சங்கம் எதிர்த்தது. எங்களைத்தான் ஏற்கெனவே சோதித்து அட்டை கொடுத்திருக்கிறீர்களே, இதனால் பாதுகாப்பு எந்த விதத்தில் கூடும் என்பது அவர்கள் கேள்வி. ஜூன் கடைசியில் அரசு கட்டாயத்தைக் கைவிட்டது. லண்டன் விமானிகள் சொன்னதை 1948இல் சொல்ல எங்கள் ஆட்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. அதன் தலைவரைத்தான் தூக்கில் போட்டார்கள்.

சரி, எதிர்த்தரப்பின் பக்கம் நின்று பார்ப்போம். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமானியின் பின்னணியைப் பார்க்கவே கூடாது என்று யார் சொல்ல முடியும்? கோபுரங்களில் மோதியவர்கள் பறக்கும் பள்ளிகளில் கட்டணம் கட்டிப் படித்தவர்கள். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் 17ஆம் பின்னிணைப்பு, விமான நிலையத்தின் கட்டுப்படுத்தப்பட்ட பகுதிக்குள் துணையின்றிப் போகும் எவருக்கும் பின்னணிச் சோதனை வேண்டும் என்கிறது. விமானி, துப்புரவுத் தொழிலாளி, சாமான் ஏற்றுபவர், எல்லோருக்கும் பொது. அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அந்தச் செப்டம்பர் கதையிலேயே மலேசியாவுக்கு ஓர் அத்தியாயம் உண்டு. 2000 ஜனவரியில் கோலாலம்பூரில் அல்-காயிதா ஆட்கள் சிலர் கூடினார்கள். அமெரிக்க உளவுத்துறை கேட்டுக்கொண்டதால் நம்முடைய ஸ்பெஷல் பிராஞ்ச் அவர்களைப் பின்தொடர்ந்து படமும் எடுத்தது. இது கம்யூனிஸ்ட் காலத்தில் உருவெடுத்த அதே ஸ்பெஷல் பிராஞ்ச்தான், வேலை தெரிந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த இரண்டு பேர் அதே மாதம் அமெரிக்காவுக்குள் போனார்கள், விமானம் ஓட்டப் பழகப் பார்த்தார்கள், பிறகு பென்டகனில் மோதிய விமானத்தில் இருந்தார்கள். கோப்பு இருந்தது. படம் இருந்தது. கண்காணிப்புப் பட்டியலில் பெயர் ஏற 2001 ஆகஸ்ட் கடைசி ஆனது.

மாறாக, ஸக்கரியாஸ் மூஸாவி எப்படி மாட்டினான்? அவனும் விமானப் பயிற்சிக்காக 2000இல் மலேசியா வந்து, பள்ளி பிடிக்காமல் திரும்பியவன்தான். மின்னசோட்டாவில் ஒரு பயிற்சிப் பள்ளியில் பணத்தைக் கட்டி ஜம்போ ஜெட் ஓட்டக் கற்றுக்கொடு என்றான். சின்ன விமானத்தையே சரியாக ஓட்டத் தெரியாதவன் ஏன் இதைக் கேட்கிறான் என்று பயிற்றுநர்களுக்கு உறுத்தியது. எஃப்.பி.ஐ.க்குச் சொன்னார்கள். 2001 ஆகஸ்ட் 16இல் கைது. அவனைப் பிடித்துக்கொடுத்தது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்களின் கண்.

கோப்பு பிடித்துக்கொடுத்த ஒருவரையும் சொல்ல வேண்டும். லுட்ஃபி ராய்ஸி, அல்ஜீரியர், பிரிட்டனில் வாழ்ந்த விமானி. தாக்குதல் நடந்து பத்தாம் நாள் அவரைக் கைது செய்தார்கள். கடத்தல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்று உலகம் முழுக்கச் செய்தி. பெல்மார்ஷ் சிறையில் ஏறக்குறைய ஐந்து மாதம். அமெரிக்கா அவரை ஒப்படைக்கச் சொல்லிக் கேட்டபோது கையில் வைத்திருந்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? விமானி உரிமப் படிவத்தில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்ததையும் ஒரு பழைய திருட்டுத் தண்டனையையும் எழுதாமல் விட்டார் என்பது. பயங்கரவாதத்தோடு தொடர்புக்கு ஆதாரமே இல்லை என்று நீதிமன்றம் விட்டது. அவர் முற்றிலும் குற்றமற்றவர் என்று பிரிட்டிஷ் அரசு ஒப்புக்கொண்டது 2010இல். அதற்குள் விமானி வேலை போய்விட்டது. இந்தக் கதையைத் தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. படிவத்தில் விடுபட்ட ஒரு கட்டம், பின்னால் யாருக்காவது தேவைப்படும்போது, அப்படியெல்லாம் வளரும்.

பிறகு எம்எச்370. 2014 மார்ச் 8. 227 பயணிகள், 12 ஊழியர்கள். தமிழர்களும் இருந்தார்கள். அந்த நாட்களில் இங்கே கோப்பிக்கடைகளில் நடந்த பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விமானம் எங்கே என்பதைவிடக் கேப்டன் யார் என்பதே பேச்சு. ஸஹாரி அஹ்மட் ஷா 53 வயது, 1981இல் சேர்ந்தவர், பதினெட்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். செய்திகள் பிடித்துக்கொண்டது வேறு: எதிர்க்கட்சியான கெஅடிலான் உறுப்பினர், அன்வார் இப்ராஹிமுக்கு மருமகள் வழியில் உறவு. அன்வாரின் விடுதலையை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது அதற்கு முந்தைய நாள்தான். இவ்வளவு போதும், ஒரு முழுக் கதை தயாராகிவிட்டது. எந்தக் கட்சி, யாருக்கு உறவு, யாரோடு டீ குடித்தார். பெரட்டுக் களம்தான்.

வீட்டில் அவர் வைத்திருந்த சிமுலேட்டரில் தென் இந்தியப் பெருங்கடலை நோக்கிப் போகும் ஒரு பாதையின் பதிவு இருந்தது. ஆஸ்திரேலியப் புலனாய்வாளர்களின் 2017 அறிக்கை அதைச் சொல்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அவர் கட்சி அட்டையும் உறவுமுறையும் அந்தப் பதிவைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை. 2018 ஜூலையில் வெளியான மலேசிய அறிக்கை, நடத்தையில் மாற்றமோ மன உளைச்சலின் அறிகுறியோ தென்படவில்லை என்றது, மூன்றாம் நபரின் தலையீட்டையும் ஒதுக்க முடியாது என்றது, காரணம் உறுதி செய்ய முடியவில்லை என்று முடித்தது. 1997 டிசம்பரில் மூசி ஆற்றில் விழுந்து 104 பேரைப் பலிகொண்ட சில்க்ஏர் விமானத்தின் கேப்டன் சிங்கப்பூர் விமானப்படையில் பறந்தவர். அது வேண்டுமென்றே விழுத்தப்பட்டதா என்பதில் இந்தோனேசியப் புலனாய்வும் அமெரிக்கப் புலனாய்வும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. எப்படியானாலும், படையில் இருந்தவரின் பின்னணியை யாரும் பார்க்காமலா இருந்திருப்பார்கள்?

சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்த ஒரு வழக்கு ஜெர்மன்விங்ஸ். 2015 மார்ச் 24. துணை விமானி ஆண்ட்ரியாஸ் லூபிட்ஸ், 27 வயது, கேப்டன் வெளியே போன சமயம் கதவைப் பூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் மோதினான். அவனோடு சேர்த்து 150 பேர். அந்தப் பூட்டிய கதவே செப்டம்பர் 11க்குப் பிறகு வெளியாட்களுக்குப் பயந்து பலப்படுத்தியதுதான். அவனுக்குப் பயங்கரவாதத் தொடர்பு எதுவும் கிடையாது. எந்தத் தலையாட்டியும் அவனைப் பார்த்துத் தலையசைத்திருக்க மாட்டான். பயிற்சியின் நடுவே கடும் மனச்சோர்வு வந்து நின்றுபோய்த் திரும்பியவன் அவன். 2015இல் நோய் மறுபடி வந்தது. மருத்துவமனையில் சேரச் சொல்லி மார்ச் மாதம் ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அதை அவன் நிறுவனத்துக்குச் சொல்லவில்லை. விடுப்புச் சீட்டுகள் கிழிந்த நிலையில் அவன் வீட்டில் கிடந்தன. சொன்னால் உரிமம் போகும், சம்பளம் போகும் என்ற பயத்தைப் பிரெஞ்சுப் புலனாய்வு அறிக்கை ஒரு காரணமாகவே எடுத்துப் பேசுகிறது. அதனால் அது செய்த பரிந்துரைகளில் சக விமானிகளே துணைநிற்கும் உதவித் திட்டமும், உரிமம் இழப்பவரின் வருமானத்துக்குப் பாதுகாப்பும் இருந்தன. ஐரோப்பாவில் 2021இலிருந்து அப்படிப்பட்ட உதவித் திட்டம் கட்டாயம்.

நூற்றைம்பது பேரைக் கொன்றவனுக்காக இரக்கப்படச் சொல்லவில்லை. ஆனால் ஒரு படிவத்துக்குப் பயந்து நோயை மறைத்த ஆளும், அதே பயத்தில் 'இல்லை' என்று குறித்த என் தம்பியும் ஒரே மாதிரிக் கட்டத்தின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது என்னைத் தூங்கவிடவில்லை. தம்பிக்கு நோய் எதுவும் இல்லை. நாளைக்கு வந்தால் சொல்வானா? அம்மாவுக்கு ஆறு வாரம் இருந்ததையே சொல்ல முடியாதவன் எப்படிச் சொல்வான்?

இதை நான் இப்படிப் பார்க்கிறேன். விமானி செய்ததைக் கேட்கலாம். குற்றம் செய்து தண்டனை பெற்றிருந்தால் கேட்கலாம். வெடிபொருளோ ஆயுதமோ பழகியிருந்தால் கேட்கலாம். உடம்பும் மனசும் எப்படி இருக்கிறது என்று கட்டாயம் கேட்கலாம், அதுவும் ஒரு தடவை இல்லை, வருடாவருடம். யாருக்குப் பிறந்தான், யாரோடு பழகினான், யார் படத்தை வைத்திருந்தான் என்பது வேறு விஷயம். 2019 அக்டோபரில் விடுதலைப்புலிகளோடு தொடர்பு என்று இங்கே பன்னிரண்டு பேரை சொஸ்மா சட்டத்தில் பிடித்தார்கள், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் உட்பட. 2020 பிப்ரவரியில் அரசு தலைமை வழக்கறிஞர் டோமி தோமஸ் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் கைவிட்டார். ஒருவர் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதால் மட்டும் ஒருவன் பயங்கரவாதி ஆகிவிடுவதில்லை, மாவோ படத்தையும் சே குவேரா படத்தையும் வைத்திருக்கிறவர்கள் இல்லையா என்பது அவர் வாதம். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவருடைய மகன் விமானியாக விண்ணப்பித்தால் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். வழக்கு கைவிடப்பட்டதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. நான் பார்த்தேன், ஒரே ஒரு கோடுதான் விட்டிருக்கிறார்கள்.

சோதனையில் தோற்றவனுக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்வேன். உளவு ரகசியம் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லவில்லை. "உன்மேல் இன்ன சந்தேகம், உன் பதில் என்ன" என்று கேட்க ஒரு மேசை, ஒரு நாற்காலி. தாத்தா கேட்டது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தியே வந்துவிட்டார். இவன் படிவத்தை மறைக்கப் பார்த்தான், அவர் வாங்கிப் படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எழுதுடா. இப்பவும் மாத்திரை சாப்பிடுறேன்னு எழுது. நல்லா இருக்கேன்னும் எழுது" என்றார். அவன் 'ஆம்' என்று குறித்தான். போன தடவை ஏன் 'இல்லை' என்று போட்டான் என்பதைத் தனித்தாளில் மலாயில் எழுதினோம். நான் திருத்திக் கொடுத்தேன், மூன்று முறை கிழித்தான்.

தாத்தா விஷயத்துக்கு மறுநாள் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டான். நெருங்கிய உறவு என்றால் பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் மட்டும்தானாம். அந்தக் கோட்டைக் காலியாக விட்டான். இரண்டையும் அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை.